திரும்பி வருவாரா?

வென்னப்புவ
இலங்கை
1998 ஜனவரி 11

அன்புள்ள இமெல்டாவுக்கு,

புனித அன்னம்மாளின் தயவில் நானும் மகளும் சுகம். நதீஷாவின் இருமல் நின்றுவிட்டது. குளிரில் உன் கால் வெடிப்பு எப்படி இருக்கிறதென்று எழுது.

கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பிய பெட்டி வந்து சேர்ந்தது. மகளுக்குச் சப்பாத்து ஒரு விரல் பெரிது. நுனியில் பஞ்சை அடைத்துப் போட்டுக்கொண்டு பூசைக்கு வந்தாள். எனக்கு வந்த கம்பளிச் சட்டையைப் பார்த்துத் தெருவே சிரித்தது. வென்னப்புவ வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு எங்கே போவது? அதனால் அதைப் போட முடிகிற இடத்துக்கே வரலாமென்று இருக்கிறேன். விளையாட்டில்லை. பக்கத்து வீட்டு பாசில் போன வருடம் விசிட் விசாவில் இத்தாலிக்கு, மிலானுக்குப் போய், அவன் அக்காவோடு ஒரு மாதம் இருந்துவிட்டு வந்தான். அங்கிருந்து ஓர் அழைப்புக் கடிதம் வந்தால் போதுமாம். நீ பார்த்துக்கொள்ளும் கிழவியின் மகன், மூன்று வாரம் என்னை வீட்டில் தங்க வைப்பதாக எழுதிக் கையெழுத்துப் போட்டால் சரி. ஈஸ்டருக்கு வந்துவிடுவேன். உன்னைப் பார்த்து மூன்று வருடம் ஆகிறது.

நீ அனுப்பிய படம் கிடைத்தது. மணிக்கூண்டின் முன்னால் நிற்கிறாய். நன்றாகத்தான் இருக்கிறாய். சலூனில் காட்டினேன். ஆந்தனி கேட்கிறான், "அண்ணே, அக்கா தனியா நிக்குறாங்க, சரி. படம் எடுத்தது யாரு?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எடுத்தது யாரென்று எழுது.

உன் சுகத்துக்காக வேண்டும்,
சுனிமல்


வெரோனா
1998 பெப்ரவரி 2

அன்புள்ள நதீஷா அப்பாவுக்கு,

மாதாவின் அருளால் நான் சுகமாக இருக்கிறேன். உங்கள் முதுகு வலி எப்படி? வலை இழுத்துவிட்டு வந்ததும் தைலம் போடச் சொன்னேனே, போடுகிறீர்களா?

சப்பாத்து பெரிதாகத்தான் வாங்கினேன். அடுத்த வருடமும் போடலாம் அல்லவா. பஞ்சை அழுத்தி அடைக்க வேண்டாம், விரல் புண்ணாகும். மகள் கணக்கில் எத்தனை மதிப்பெண் வாங்கினாள் என்று நீங்களும் எழுதவில்லை, அவளும் எழுதவில்லை. ஆகவே குறைவென்று நினைக்கிறேன். திட்டாதீர்கள்.

சிஞ்ஞோரா புரூனா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டுக் கிடக்கிறார். தூக்குவது, துடைப்பது, உணவு ஊட்டுவது எல்லாம் நான்தான். கஞ்சியை என் முகத்தில் துப்பிவிட்டு, பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறார். மழைக்கு முன்னால் சமையலறைக் கூரையை முடித்துவிடுங்கள். ஓடுகளை நீங்களே நேரில் நின்று எண்ணி வாங்குங்கள்.

படம் எடுத்தது லிடியா. பெரு நாட்டுக்காரி, மேல் மாடியில் வேலை செய்கிறாள். ஆந்தனியிடம் சொல்லிவிடுங்கள்.

நீங்கள் வருவது பற்றி எழுதியிருந்தீர்கள். பாவுலோ ஐயாவுக்கு வேலை அதிகம். நேரம் பார்த்துக் கேட்கிறேன்.

மகளுக்கு முத்தம்.
இமெல்டா


வென்னப்புவ
1998 பெப்ரவரி 20

அன்புள்ள இமெல்டாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். மகளுக்குக் கணக்கில் முப்பத்தெட்டு. திட்டவில்லை.

உன் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். சப்பாத்துக்கு எழுதினாய், கிழவியின் இடுப்புக்கு எழுதினாய், கூரை ஓட்டுக்கு எழுதினாய். நான் கேட்டதற்கு மட்டும் கடைசியில் ஒன்றரை வரி. இத்தனை நாள் "சிஞ்ஞோராவின் மகன்" என்றுதான் எழுதி வந்தாய். இப்போது பாவுலோ ஐயா. அந்த ஐயாவுக்கு என்ன வயது? கல்யாணம் ஆகிவிட்டதா? ஒரு கையெழுத்துப் போட எத்தனை நாள் வேண்டும்?

நான் சும்மா இருக்கவில்லை. கிராம சேவகரிடம் வசிப்புச் சான்று வாங்கிவிட்டேன். கல்யாணப் பதிவு, படகுப் பதிவு, எஞ்சின் பத்திரம், மீனவர் சங்கக் கடிதம் எல்லாம் கையில் இருக்கின்றன. நீர்கொழும்பில் இதற்கென்று ஓர் ஏஜென்ட் இருக்கிறான். அவன் சொல்வதைக் கேள். "தூதரகத்துல அவங்க பார்க்குறது ஒண்ணே ஒண்ணுதான். இவன் திரும்பி வருவானா, மாட்டானா. வீடு, படகு, பிள்ளை மூணையும் மேசை மேல வச்சிடுங்க." மூன்றையும் வைக்கிறேன்.

இன்னொன்று. ராத்திரியில் அலுவலகங்களைத் துடைக்கும் வேலைக்கு அங்கே யாரும் விசாவைக் கேட்பதில்லை என்று பாசில் சொல்கிறான். மெய்தானா? சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

கடிதத்தை உடனே அனுப்பு.
சுனிமல்


வென்னப்புவ
1998 மார்ச் 1

என் அன்பு அக்காவுக்கு,

உன் தங்கை டெரினா எழுதுவது. நானும் பிள்ளைகளும் நலம். அவருக்குத்தான் பல் வலி. பிடுங்கச் சொன்னால் ஓடுகிறார். நீ நலமாக இருக்கத் தினமும் மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன்.

அக்கா, இதை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரமாக யோசித்தேன். அத்தான் படகு எஞ்சினை விற்றுவிட்டார். மாரவில ஊர்க்காரர் ஒருவர் மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனதை என் கண்ணால் பார்த்தேன். கடல் குளம் மாதிரி கிடக்கிற மாசத்தில் எஞ்சினை விற்கிறவர் உண்டா? பத்திரத்தை மட்டும் கொடுக்கவில்லையாம், பிறகு மாற்றித் தருவதாகப் பேச்சாம். வலையும் போய்விட்டது. உன்னிடம் சொல்லியிருப்பார் என்று நினைத்துத்தான் முதலில் சும்மா இருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து என்னிடம் நதீஷாவைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். மூன்று வாரம்தானே, தாராளமாக என்றேன். தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். பிறகு சொன்னார், "மூணு வாரம்னு இல்ல டெரினா. அவ படிப்பு முடியிற வரைக்கும்னு வச்சுக்கோயேன்." அவளுக்குப் பதினொரு வயசு, அக்கா.

வளர்க்க எனக்குச் சுணக்கமில்லை. என் பிள்ளைகளோடு ஒரு பிள்ளை. ஆனால் இது உனக்குத் தெரிந்து நடக்கிறதா என்று எனக்குத் தெரிய வேண்டும். நான் எழுதியதாக அவரிடம் காட்டிக்கொள்ளாதே.

உன் நங்கி,
டெரினா


வெரோனா
1998 மார்ச் 15

அன்புள்ள நதீஷா அப்பாவுக்கு,

நான் சுகம். நீங்களும் மகளும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே பனி கரைந்து தெருவெல்லாம் சேறு.

நீங்கள் கேட்ட அழைப்புக் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். பாவுலோ ஐயா கையெழுத்துப் போட்டு, நகரசபை முத்திரையும் வாங்கித் தந்துவிட்டார். அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள். வேறென்ன தெரிய வேண்டும் என்று கேளுங்கள், எழுதுகிறேன்.

துடைக்கும் வேலை பற்றிக் கேட்டிருந்தீர்கள். விசா கேட்காத இடங்கள் உண்டு. அங்கே வேலை செய்கிறவர்கள் போலீஸ் வண்டியைக் கண்டால் அடுத்த தெருவுக்கு ஓடுகிறார்கள். காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகவும் பயம். ஊரில் அம்மா செத்தாலும் திரும்பிப் போக முடியாது, போனால் மறுபடி வர முடியாது. மூன்று வாரத்துக்கு வருகிறவருக்கு இது எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.

கடல் இப்போது நன்றாக இருக்குமே. எஞ்சின் எப்படி ஓடுகிறது? போன வருடம் புகை கக்குகிறது என்று எழுதினீர்கள். மறக்காமல் எழுதுங்கள்.

இமெல்டா


வென்னப்புவ
1998 ஏப்ரல் 4

அன்புள்ள இமெல்டாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நீ நூறு வருடம் நல்லாயிருக்க வேண்டும். சலூனில் எல்லோருக்கும் காட்டினேன். ஆந்தனி வாயைத் திறக்கவில்லை.

ஈஸ்டர் முடிந்து இருபத்தேழாம் தேதி தூதரகத்தில் நேர்முகம். பாசிலின் தம்பியும் அன்றைக்குத்தான் போகிறான். மகள் சுகம். டெரினா வீட்டில் அவளைக் கொஞ்சம் பழக்குகிறேன், இரவு அங்கேயே தூங்குகிறாள்.

எஞ்சின் நன்றாக ஓடுகிறது. புகை இல்லை. நேற்றுக்கூட நல்ல பாடு, சூரை மீன் கிடைத்தது.

சீக்கிரம் சந்திப்போம்.
சுனிமல்


வென்னப்புவ
1998 மே 9

இமெல்டாவுக்கு,

நாங்கள் சுகம். உன் சுகத்தை எழுது.

விசா இல்லையென்று சொல்லிவிட்டார்கள்.

விடியற்காலையில் பஸ் ஏறினேன். வழியில் இரண்டு சோதனைச் சாவடியில் ராணுவக்காரர்கள் இறக்கி, கோப்பைப் பிரித்துக் காகிதம் காகிதமாகச் சோதித்தார்கள். எங்கே போகிறாய், எதற்குப் போகிறாய். பிறகு தூதரகத்திலும் அதே கேள்விகள்தான், குளிரூட்டிய அறையில் உட்கார வைத்துக் கேட்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். ஒரு வெள்ளைக்கார அம்மா. பக்கத்தில் நம் ஆள் ஒரு பெண், சிங்களத்தில் மொழிபெயர்க்க. கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனது எவ்வளவு நல்லது என்று அங்கேதான் தெரிந்தது.

வீடு யார் பேரில், படகு யார் பேரில், பிள்ளையை யார் பார்ப்பார்கள் என்று கேட்டாள். ஏஜென்ட் சொன்ன மாதிரியே மூன்றையும் மேசையில் வைத்தேன். எஞ்சின் பத்திரத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். கடைசியில் சிரித்தாள். ஒரு வாரம் கழித்து வரச் சொன்னாள். கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன்.

ஒரு வாரம் கழித்துப் போனால் ஜன்னல் வழியாக பாஸ்போர்ட்டைத் தள்ளுகிறார்கள். உள்ளே ஒரு வரிக் காகிதம். திரும்பி வருவேன் என்று அவர்களுக்கு நம்பிக்கை இல்லையாம். அந்த மொழிபெயர்ப்புப் பெண் ஜன்னலில் நின்றாள். ஏனம்மா என்று கெஞ்சிக் கேட்டேன். என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள், "உங்க வீட்டுப் பக்கமிருந்தே தகவல் வந்திருக்கு. அதுக்கு மேல என்னைக் கேட்காதீங்க."

வீட்டுப் பக்கம் என்றால் யார்? பக்கத்து வீடு பாசில். அவன் தம்பிக்கு அன்றைக்கே விசா குத்திவிட்டார்கள். மொட்டைக் கடிதம் போட்டிருக்கிறான். இரண்டு பேருக்கு ஓர் ஊரிலிருந்து கொடுக்க மாட்டார்கள் என்று பயந்திருப்பான். யாரென்று கண்டுபிடிக்காமல் விடமாட்டேன்.

சுனிமல்


வெரோனா
1998 மே 26

அன்புள்ள நதீஷா அப்பாவுக்கு,

நான் சுகம்.

விசா கிடைக்காதது பற்றி வருத்தப்பட வேண்டாம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மகளை வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுங்கள். பாசில் அப்படிச் செய்கிறவர் இல்லை. அவரோடு சண்டை போடாதீர்கள்.

இங்கே வேலை அதிகம், நிறைய எழுத முடியவில்லை.

இமெல்டா


வென்னப்புவ
1998 ஜூன் 20

இமெல்டாவுக்கு,

மகள் சுகம். என்னைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

பாசிலை அடித்துவிட்டேன். கள்ளுக்கடை வாசலில் எதிர்ப்பட்டான். "என்ன சுனிமல், இத்தாலி எப்போ?" என்றான். அவன் சும்மா கேட்டானோ என்னவோ, எனக்குக் கண் மண் தெரியவில்லை. முன்பல் ஒன்று போய்விட்டது. போலீசில் ஒரு பகல் முழுக்க உட்கார வைத்தார்கள். பங்குச் சாமியார் வந்து பேசி, வழக்கு இல்லாமல் முடித்தார். அவர் முன்னால் பாசில் மாதா சுரூபத்தின் மேல் கை வைத்து, வீங்கிய வாயோடு, தான் எழுதவில்லை என்று சத்தியம் செய்தான். அவன் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். இந்தத் தெருவில் அவளைத் தாண்டி இனி நான் எப்படி நடப்பது?

அவன் இல்லையென்றால் யார்? டெரினாவா? அவளிடம் கேட்டால் அழுகிறாள்.

உன் போன கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். பாசில் அப்படிச் செய்கிறவர் இல்லை என்று எழுதியிருக்கிறாய். அங்கே இருந்துகொண்டு உனக்கு எப்படித் தெரியும்? சப்பாத்துக்கு ஒரு பக்கம் எழுதுகிறவள் இதற்கு நாலு வரி எழுதிவிட்டு வேலை அதிகம் என்கிறாய். நீ எதையோ மறைக்கிறாய். அங்கே யார் இருக்கிறான்?

சுனிமல்


வெரோனா
1998 ஜூலை 7

அன்புள்ள நதீஷா அப்பாவுக்கு,

நான் உடம்புக்குச் சுகமாகத்தான் இருக்கிறேன். பாசிலின் பல் போனதைப் படித்த நாளிலிருந்து சோறு இறங்கவில்லை.

அவர் எழுதவில்லை. டெரினாவும் இல்லை. யாரும் மொட்டைக் கடிதம் போடவில்லை. சொன்னது நான்.

நீங்கள் நேர்முகத்துக்குப் போய் வந்த மறுநாள் இந்த வீட்டுத் தொலைபேசி அடித்தது. பாவுலோ ஐயா வேலைக்குப் போயிருந்தார். நான் எடுத்தேன். ஒரு பெண் இத்தாலிய மொழியில், கொழும்புத் தூதரகம், அழைப்புக் கடிதம் உண்மையா என்று கேட்டாள். உண்மை என்றேன். நீங்கள் யார் என்றாள். இங்கே வேலை செய்கிறேன், விசா கேட்டவரின் மனைவி என்றேன். உடனே நம் சிங்களத்துக்கு மாறிவிட்டாள். "அட, நம்ம ஊர் அக்காவா? அப்ப நீங்களே சொல்லிடுங்க. மூணு வாரம் முடிஞ்சா அவர் திரும்பி வருவாரா?"

இந்தத் தொலைபேசியில் நம் மொழியை நான் கேட்டது அதுதான் முதல் முறை. இத்தாலியனில் கேட்டிருந்தால் பொய் சொல்லியிருப்பேன்.

"வரமாட்டார்" என்றேன்.

பிறகு தணிந்த குரலில், "அக்கா, இதை நான் எழுதணுமா?" என்று கேட்டாள்.

"எழுதுங்க" என்றேன்.

எஞ்சினை விற்றது எனக்கு மார்ச்சிலேயே தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். அதனால்தான் எஞ்சின் எப்படி ஓடுகிறது என்று கேட்டேன். விற்றுவிட்டேன், அங்கேயே இருந்துவிடப் போகிறேன் என்று ஒரு வரி எழுதியிருந்தால், சண்டை போட்டாவது வேறு வழி பார்த்திருப்பேன். நீங்கள் சூரை மீன் பிடித்ததாக எழுதினீர்கள். தாயும் இல்லாமல் தகப்பனும் இல்லாமல் மகளை விட்டுவிட்டு வர நீங்கள் முடிவு செய்துவிட்டீர்கள். என்னிடம் கேட்கவே இல்லை.

மகளுக்காக மட்டும் சொன்னேன் என்று எழுதி முடித்திருக்கலாம். அது பாதிப் பொய்யாகிவிடும். இங்கே யாரும் இல்லை. எந்த ஆணும் இல்லை. ஆனால் இங்கே என் அறைக்கு ஒரு கதவு இருக்கிறது. சிஞ்ஞோரா தூங்கிய பிறகு அதைச் சாத்திக்கொண்டு உட்காருவேன். எங்கே போனாய், யாரோடு பேசினாய், ஏன் சிரித்தாய் என்று கேட்க ஆள் இல்லை. நீங்கள் வந்தால் அந்தக் கதவு போய்விடும் என்று பயந்தேன். அந்தப் பெண் கேட்டபோது எது முந்திக்கொண்டு வாயில் வந்தது, மகளா கதவா என்று எனக்கே தெரியவில்லை.

பாசிலின் மனைவியிடம் உண்மையைச் சொல்லுங்கள். பல் கட்ட நான் அனுப்புகிறேன்.

இமெல்டா


வென்னப்புவ
1998 அக்டோபர் 4

இமெல்டாவுக்கு,

மகள் சுகம். எனக்கு முதுகு வலி இருக்கிறது, தைலம் போடுகிறேன்.

மூன்று மாதமாக உனக்குப் பதில் எழுதி எழுதிக் கிழித்தேன். முதலில் எழுதியதையெல்லாம் நீ படிக்காததே நல்லது. ஆகஸ்டில் நீ போட்ட கடிதமும் வந்தது. அதைப் பிரிக்காமல் வைத்திருந்தேன், நேற்றுத்தான் பிரித்தேன்.

நீ சொன்னது சரி. நான் திரும்பி வந்திருக்க மாட்டேன். ஊரில் இப்போது என் பேர் சுனிமல் இல்லை, இமெல்டா புருஷன். சலூனில், சங்கத்தில், கள்ளுக்கடையில், எல்லா இடத்திலும் அதுதான். நான் போய்ச் சம்பாதித்துக் காட்ட வேண்டும் என்று இருந்தது. அதைவிட, நீ யாரோடு இருக்கிறாய் என்று பார்க்க வேண்டும் என்று இருந்தது. மகளைப் பிறகு கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

விசா இல்லை என்று ஆன அன்று டெரினா வீட்டுக்குப் போனேன். நதீஷா வாசலுக்கு வந்தாள். "அப்பா போகலையா?" என்றாள். இல்லை என்றேன். "அப்ப நான் நம்ம வீட்டுக்கு வந்துடவா?" என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் உள்ளே ஓடிப் பையை எடுத்து வந்துவிட்டாள். பையை ஏற்கெனவே கட்டி வைத்திருக்கிறாள். எத்தனை நாளாகக் கட்டி வைத்திருந்தாளோ, நான் கேட்கவில்லை. இதை அப்போதே உனக்கு எழுதியிருக்க வேண்டும். முதலில் பாசில் மேலும் பிறகு உன் மேலும் வந்த கோபத்தில் அவளைப் பற்றி எழுதக்கூட மனம் வரவில்லை.

பாசில் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் மனைவி தேநீர் வைத்தாள், அவன் குடிக்கச் சொன்னான். பல்லுக்கு நீ அனுப்ப வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன். கடல் அடங்கிவிட்டது. சிரிலின் படகில் கூலிக்குப் போகிறேன்.

ஓர் ஆள் இருந்திருந்தால் அவனோடு சண்டை போடலாம். கதவோடு நான் எப்படிச் சண்டை போடுவது? நான் கேட்ட கேள்விகளையெல்லாம் யோசித்துப் பார்த்தேன். நிறையத்தான் கேட்டிருக்கிறேன். இன்னும் ஒன்று மட்டும் கேட்கிறேன். கூரை முடிந்தால் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனாய். கூரை முடிந்துவிட்டது. நீ வருவாயா?

பொய் எழுதாதே.
சுனிமல்


வெரோனா
1998 அக்டோபர் 25

அன்புள்ள சுனிமலுக்கு,

மாதாவின் அருளால் சுகம். தைலம் போடுவது கேட்டுச் சந்தோஷம். மகள் பை கட்டி வைத்திருந்ததைப் படித்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சிஞ்ஞோரா தன் அறையிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

கிறிஸ்துமஸுக்கு சிஞ்ஞோராவை அவருடைய மகள் வீட்டுக்குக் கூட்டிப் போகிறார்கள். எனக்கு லீவு தந்திருக்கிறார்கள். டிசம்பர் பதினெட்டாம் தேதி காலை கட்டுநாயக்கவில் இறங்குகிறேன். மகளிடம் நீங்களே சொல்லுங்கள்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் எனக்குத் தெரியாது. அது பொய்யில்லை. திரும்பிப் போகும் சீட்டையும் சேர்த்துத்தான் வாங்கியிருக்கிறேன், ஜனவரி பத்தாம் தேதிக்கு. நீங்கள் எஞ்சினை மறைத்த மாதிரி நான் இதை மறைக்க விரும்பவில்லை. ஊரில் கேட்டால் சொல்லிவிடுங்கள், மூன்று வாரத்துக்கு வருகிறாள் என்று.

விமான நிலையத்தில் முதல் வேலையாக அந்தச் சீட்டை உங்கள் கையில் கொடுத்துவிடுகிறேன். வீட்டில் எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், நான் தேட மாட்டேன். நான் கேட்டால் எடுத்துத் தருவீர்களா என்று இப்போது கேட்கவில்லை.

மகளுக்கு முத்தம். உங்களுக்கும்.
இமெல்டா